பார்க்காமல் நட்ட கொப்பு

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போகும் தெரு ஒன்றில் நான் வேலை பார்க்கும் அச்சகம் இருக்கிறது. போன வாரம் ஒரு பிற்பகலில் அந்தத் தெரு வழியாக ஒரு பெரிய சாவு ஊர்வலம் போனது. கொட்டுச் சத்தம், வாரி இறைத்த ரோஜா இதழ்கள், நாலடிக்கு ஒரு தடவை கொளுத்திப் போடும் வெடிச்சரம். ஒரு சரம் எங்கள் வாசல் வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில் விழுந்து அங்கேயே வெடித்தது. இலைகள் நார்நாராய்க் கிழிந்து படியில் சிதறின. புகை உள்ளே வந்தது. வெடிமருந்து நாற்றம் தனியாக வந்திருந்தால் தாங்கியிருப்பேன். நசுங்கிய வேப்பிலையின் பச்சைக் கசப்பும் அதோடு சேர்ந்து ஒரே மூச்சில் மூக்கில் ஏறியது. என் கை அச்சு மிஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. பைண்டிங் பார்க்கும் பெண் சிரித்தாள். “அண்ணே, இம்புட்டு வேர்த்திருக்கு! ஒரு சரவெடிக்கா இப்பிடிப் பயந்துட்டீக?” வெடிக்குப் பயப்படவில்லை, இலைக்குத்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது. என் இடது கையைப் பார்த்தேன். விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல் இறுக மூடியிருந்தன. அந்த முஷ்டி என்னுடையது அல்ல. எங்கள் கார்டம்மாவுடையது.

கொட்டாம்பட்டிப் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, எங்களுக்கு ஒரு கடலைக்காடு உண்டு. அப்பா இறந்த பிறகு அதை விட மனமில்லாமல், நகரத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஊரில் தங்கச்சி வீட்டில் தங்கினேன். காலையில் ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்து வேலைக்கு வருவேன். எங்கள் பகுதி வனக்காப்பாளராகக் கார்டம்மா வந்தது அப்போதுதான். முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டரில் லத்தியைச் செருகிக்கொண்டு, காக்கி பேண்ட்டைக் கான்வாஸ் ஷூவுக்குள் திணித்துக்கொண்டு வருவார். மோட்டார் கொட்டகையிலிருந்து திருட்டுத்தனமாகக் கரண்டு இழுத்து வேலிக்கம்பியில் விட்டிருந்த ஒருவரை, அந்த ஆளின் பெண்டாட்டி முன்னாலேயே வலது கையால் ஓங்கி ஓர் அறை விட்டார். “செத்தது பன்னியா இருந்தா எனக்குக் கேசு. பிள்ளையா இருந்தா ஒனக்கு என்ன?” என்று கேட்டுவிட்டுக் கம்பியைச் சுருட்டி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போனார். கார்டம்மாவுக்குச் சட்டென்று கை நீளும் என்று ஊரில் பேச்சு. அந்த வலது கையை நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

என் சின்ன வயதில் எங்கள் ஊரில் காட்டுப்பன்றி கிடையாது. கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரிகளில் தண்ணீர் தேங்கி, அதைச் சுற்றிச் சீமைக்கருவேலம் மதில்போல் அடைத்துக்கொண்ட பிறகு எங்கிருந்தோ வந்தன. வந்தவை போகவில்லை. ஒரே இரவில் ஒரு கடலைக்காடு ஏர் பூட்டி உழுததுபோல் புரண்டு கிடக்கும். செடி வேர் மேலே, இலை கீழே. பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் விடிகாலையில் மடை திறக்கப் போன இடத்தில் ஒரு ஆண்பன்றி அவர் தொடையைக் கிழித்துவிட்டது. முழங்காலுக்கு மேலே வேட்டி கறுப்பாக நனைந்திருக்க, அவர் வரப்பில் உட்கார்ந்து, “பாத்தியா மாப்ள, எலும்பு எம்புட்டு வெள்ளையா இருக்கு” என்று என்னிடம் சொன்ன குரலில் வலி இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்கு வெறி பிடித்தது. ஒரு தாய்ப்பன்றி குட்டிகளோடு பாழுங்கிணற்றில் விழுந்து கிடப்பதாகத் தகவல் வந்ததும் ஊரே கல்லோடு போனது. சுற்றி நின்று எறிந்தோம். பன்றியின் அலறல் கிணற்றுச் சுவரில் மோதி மேலே வரும்போது மனிதக் குரலாகிவிடுகிறது. அதைக் கேட்டும் யாரும் நிறுத்தவில்லை. கடலைக்காடு போனவர்கள் கடலைக்காக எறிந்தார்கள். எதுவுமே போகாத நானும் எறிந்தேன், மூன்று கற்கள். மூன்றாவது கல் பட்ட இடம் எனக்குத் தெரியும், ஒரு குட்டியின் முதுகு. கார்டம்மா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் திட்டவில்லை. கிணற்று மேட்டில் நின்று, “எத்தனைன்னு எண்ணுங்க” என்றார். கையில் மிச்சமிருந்த கற்களைக் கீழே போட்டோம். “எறியத் தெரிஞ்சுச்சுல்ல, எண்ணுங்க.” ஒருவர் குனிந்து பார்த்து, ஏழு என்றார். சிறிது நேரம் கழித்து, இல்லை, ஒன்று இன்னும் அசைகிறது என்றார். ஊர் முகங்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கீழே குனிந்தன.

அந்தக் கிணற்று மேட்டிலிருந்துதான் எங்கள் கண்காணிப்புக் குழு பிறந்தது. பன்றிகளைச் சுட வேண்டுமா, விரட்ட வேண்டுமா என்று மேலிடம் முடிவு செய்வதற்குக் கணக்கு வேண்டும், அந்தக் கணக்கை ஊரே எடுக்க வேண்டும் என்பது கார்டம்மாவின் பிடிவாதம். காடுகளைச் சுற்றிப் போகும் மண்பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தார். சாயங்காலம் முள்கொப்பை இழுத்து மண்ணைச் சமன்படுத்த வேண்டும். விடிந்ததும் நடந்து, விழுந்திருக்கும் தடங்களை எண்ணி, தடத்துக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை அளவுக்கு வைத்துப் போட்டோ எடுத்து, குழுவின் வாட்ஸ்அப்பில் போட வேண்டும். ஆட்டுத் தடமானால் இரண்டு குளம்பு மட்டும் தெரியும். பன்றித் தடமானால் பின்னால் இரண்டு சின்னப் பொட்டும் விழும். முதல் நாள் நான் நாலு வரி எழுதிப் போட்டேன், நிலா, ஈர மண், கிழிந்த நிலம் என்று. உடனே பதில் வந்தது: “நிலாவ நான் கேக்கல சார். எத்தன தடம், எந்தப் பக்கம் போச்சு, அத எழுதுங்க.” குழுவில் இருபது சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன.

அடுத்த மாதமே ஒரு கன்றுக்குட்டி, பன்றிக்கு வைத்த நாட்டு வெடியைக் கடித்துவிட்டது. கருவாட்டு நெய் தடவி எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி, புதருக்கடியில் போட்டு வைப்பார்கள். பன்றி கடித்தால் தாடை போய்விடும். கன்றுக்கும் அதுதான் நடந்தது. கீழ்த்தாடை இல்லாமல் அது மடி தேடி முட்டியது. தாய்ப்பசு நக்கி நக்கிக் கொடுத்தது. அன்று கார்டம்மா ஒரு சட்டம் போட்டார். காலையில் தன் துண்டை முழுவதும் நடந்து பார்த்து, கம்பியோ வெடியோ இல்லை என்று தெரிந்தபிறகு, அந்தத் துண்டு ஆரம்பிக்கும் பாதைத் தலையில் ஒரு வேப்பங்கொப்பை நட வேண்டும்; சாயங்காலம் மண்ணைச் சமன்படுத்தும்போது அதைப் பிடுங்கிவிட வேண்டும். கொப்பு நின்றால் நடக்கலாம். கொப்பு இல்லையென்றால் களை எடுக்க வருகிற பெண்கள் பாதைத் தலையிலேயே நிற்க வேண்டும். “மாரியாத்தாள பன்னி மேய்க்க வச்சுட்டீகளே கார்டம்மா” என்று கேலி பேசினார்கள். ஆனால் நம்பினார்கள். எங்கள் பக்கத்தில் வேப்பிலை நிற்கும் இடத்தைச் செருப்புக் காலோடு தாண்டக்கூட யோசிப்பார்கள். அந்த நம்பிக்கையைத்தான் அவர் கெட்டிக்காரத்தனமாகக் கடன் வாங்கினார்.

கார்டம்மா பின்னாலேயே ஒரு செவலை நாய் திரியும். யாருடையதும் இல்லை. எதைக் கண்டாலும் வாயில் கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் போடும். எலும்பு, அறுந்த செருப்பு, ஒருமுறை கண்டக்டர் ஒருவரின் விசில். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிஸ்கட் கூலி. “எங்க டிபார்ட்மெண்டுல இதுதான் ஒழுங்கா வேல பாக்குது” என்பார்.

அந்த நாளுக்கு முந்தைய நாள் எங்கள் பங்காளி வீட்டில் கிடா வெட்டு. வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து படுத்த நான் கண் விழித்தபோது ஆறரை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். என் துண்டு ரோட்டை ஒட்டியே ஆரம்பிக்கிறது. முழுவதும் நடந்து திரும்பப் பத்து நிமிடம் ஆகும். அத்தனை நாளும் நடந்திருக்கிறேன். ஒரு வாரமாகக் கம்பியோ வெடியோ ஒன்றுமே இல்லையே, அதே பன்றித் தடம்தானே என்று மனம் சொன்னது. வழியிலிருந்த மரத்தில் கையால் ஒரு கொப்பை ஒடித்து, பாதைத் தலையில் குத்திவிட்டு, எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றேன். ஒரு அடிகூட உள்ளே வைக்கவில்லை.

அப்போதுதான் கார்டம்மா வந்தார். பின்னால் கொஞ்சம் தள்ளி, களைக்கொத்துகளோடு நாலைந்து பெண்கள். முன்னால் செவலை. அவர் கொப்பைப் பார்த்தார். ரோட்டில் நின்ற என்னைப் பார்த்தார். வலது கையை உயர்த்தி, பார்த்தாச்சா என்று கேட்பதுபோல் ஆட்டினார். நானும் கையை உயர்த்தி ஆட்டினேன். அந்தக் கையை முழுசாக நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

செவலை முன்னால் ஓடி, பாதை வளைகிற ஆவாரம் புதருக்குள் தலையை விட்டது. வால் மட்டும் ஆடியது. திரும்பி வந்தபோது வாயில் ஒரு உருண்டை இருந்தது. நான் நின்ற இடத்துக்கு அது மாங்கொட்டை மாதிரி தெரிந்தது. கார்டம்மாவுக்கு அது என்னவென்று உடனே தெரிந்திருக்க வேண்டும். “யாரும் அசையாதீக! நாயக் கூப்புடாதீக!” என்று அவர் சொன்னது கத்தல் இல்லை, கட்டளை. அவர் ஓடியிருந்தால் அது விளையாட்டென்று நினைத்து, துரத்திக்கொண்டே கடித்திருக்கும். ஓடவில்லை. மெதுவாக மண்டியிட்டார். இடது கையில் பிஸ்கட்டை நீட்டினார். வலது உள்ளங்கையை அதன் வாய்க்குக் கீழே தொட்டில்போல் ஏந்தினார். செவலை வழக்கம்போல் பெருமையாக வந்தது. தன் வேலையைச் செய்துவிட்ட பெருமை. வாய் திறக்கத் தொடங்கியது. என் பஸ் வந்தது. தினமும் ஏறுகிற ஆள் நிற்கிறேனே என்று டிரைவர் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார்.

அந்த ஹாரனால்தான் நாய் பல்லைக் கடித்ததா, இல்லை உருண்டை உதட்டில் நழுவியதால் கடித்ததா, எனக்குத் தெரியாது. ஹாரனும் வெடியும் ஒரே சத்தமாக இருந்தன. புழுதி அடங்கியபோது செவலைக்கு முகம் இல்லை. உடம்பு மட்டும் ஓட முயன்று, சுற்றிச் சுற்றி வந்து விழுந்தது. கார்டம்மா உட்கார்ந்திருந்தார். வலது கையில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் இருந்தன. மற்றவை இருந்த இடத்திலிருந்து ரத்தம் மண்ணில் கொட்டிக்கொண்டிருந்தது, அடைப்பு எடுத்த குழாய்போல. நான் ஓடினேன். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ரோட்டில் அந்தப் பக்கமிருந்து ஓடி வந்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. முழங்காலால் ஊர்ந்து, ஊர்ந்து, பாதைத் தலைக்கு வந்து, இடது கையால் அந்த வேப்பங்கொப்பைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாய்ந்தார்.

அதே பஸ்ஸில்தான் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். எங்கும் நிறுத்தாமல் மேலூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார் டிரைவர். யாரோ ஒரு அம்மாள் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கையைச் சுற்றினாள். ரத்தம் சீட்டுக்கடியில் ஓடி, படியில் சொட்டி, வழியெல்லாம் ரோட்டில் விழுந்தது. நான் அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். இடது கை முஷ்டி திறக்கவே இல்லை. உள்ளே வேப்பிலை கசங்கி, அதன் வாசனை வெடி நாற்றத்தோடு கலந்து பஸ் முழுக்க நின்றது. கண்ணை மூடியபடியே அவர் கேட்டது ஒன்றுதான்: “செவலை?” நான் சேலைத் துணியை இன்னும் இறுக்கிக் கட்டினேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

சாயங்காலம் ரத்தச் சட்டையோடு ஊருக்குத் திரும்பினால், கொல்லையில் தங்கச்சி புருஷன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். “மச்சான், நான்தான் வச்சேன்” என்றான். விடியுமுன் எடுத்துவிடலாமென்று இருந்தானாம். கிடாக்கறி தின்ற மயக்கத்தில் தூங்கிவிட்டானாம். ஒரே வீட்டில், ஒரே தாழ்வாரத்தில், நாங்கள் இரண்டு பேரும் தூங்கியிருக்கிறோம். சாத்தி வைத்திருந்த முள்கொப்பை எடுத்து நான் அவனை அடித்தேன். முதுகு, தோள், முகம் என்று பார்க்காமல் அடித்தேன். தங்கச்சி குறுக்கே விழுந்தாள், அவளுக்கும் ஒரு அடி விழுந்தது. அவன் தடுக்கவில்லை. உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் பொதருல பன்னி வருதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும் மச்சான்? நீ போட்ட போட்டோவப் பாத்துத்தான வச்சேன்” என்றான். கை நின்றுவிட்டது. காப்பதற்காக நான் வைத்த தீப்பெட்டி அவனுக்கு வழி காட்டியிருக்கிறது. “நீ காலைல நடந்து பாத்திருப்பேல்ல, ஒங் கண்ணுல எப்பிடிப் படாமப் போச்சு?” என்று அடுத்துக் கேட்டான். அதற்குத்தான் நான் மறுபடி அடித்தேன்.

மறுநாள் அவனே போய் ஸ்டேஷனில் உட்கார்ந்தான். அவன் செய்தது ஊருக்குத் தெரியும், சிறைக்குப் போனான், வந்தான், முடிந்தது. நான் செய்தது முடியவில்லை.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்து பஞ்சாயத்து அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அந்தத் துண்டில் கொப்பு இருந்ததா என்பதுதான் கேள்வி. பின்னால் வந்த பெண்கள், கார்டம்மா முன்னால் போனார், நாங்கள் கவனிக்கவில்லை என்றார்கள். என்னைக் கேட்டார்கள். பாதைத் தலையில் கொப்பு இல்லை. அது கார்டம்மாவின் முஷ்டியில் போய்விட்டது. அவர் எனக்காகத்தான் அதைப் பிடுங்கினார் என்று அதற்குள் நான் நம்பத் தொடங்கியிருந்தேன். அவர் தந்த கருணையை மறுப்பது தப்பு என்றுகூட எனக்குள் ஒருவன் வாதம் செய்தான். “நான் இன்னும் பார்க்கப் போகல சார். கொப்பு வைக்கல” என்றேன். எழுதிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் அவர் கொடுத்த வாக்குமூலத்தையும் வாசித்தார்கள்: கொப்பு இருக்கிறதா என்று கவனிக்காமல் நடந்தது தன் தவறு. தான் போட்ட விதியைத் தானே மீறியவர் என்று குறிப்பு எழுதி, தூரத்து மாவட்டம் ஒன்றில் நாற்றங்காலுக்கு மாற்றினார்கள்.

இத்தனை நாள் இதை எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதக் காரணம், போன மாதம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இன்னொருத்தி சொல்லிக் கொடுத்ததைக் கேட்டதுதான். “அந்தக் கார்டம்மா மாதிரி கொப்பு பாக்காம நடந்துறாதடி, கை போயிரும்.” அவர் பெயர் ஊரில் இப்படித்தான் நிற்கிறது, கண் பார்க்காமல் நடந்த பொம்பளையாக. அவர் பார்த்தார். கொப்பைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், கேட்டுவிட்டுத்தான் நடந்தார். ஆமாம் என்று கையாட்டியவன் நான்.

அவர் ஊரைவிட்டுப் போன அன்று மேலூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். அவிச்ச கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்து, இடது கையாலும் பல்லாலும் தோலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். உரித்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு, “பழகணும்ல” என்றார். நான், “அன்னைக்கு அந்தக் கொப்ப நீங்க எனக்காக…” என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்தது.

“ஒங்களுக்காகவா? பின்னால பொம்பளைக ஓடி வந்துக்கிட்டிருந்தாக சார். கொப்பு நின்னா நம்பி உள்ள வந்துருவாக. இன்னொண்ணு கெடந்தா?”

“அப்ப விசாரணையில ஏன் சொல்லல?”

“சொன்னா ஒங்களோட போயிருமா? கொப்பு பொய் சொல்லுச்சுன்னு தெரிஞ்சா மறுநாள் ஒருத்தரும் அத நம்ப மாட்டாக. பாதைய நம்பலேன்னா அம்புட்டுப் பேரும் வெடி உருட்ட ஒக்காந்துருவாக. அதுக்குத்தான். ஒங்களக் காப்பாத்தணும்னு எனக்கென்ன நேத்திக்கடனா?”

அதற்குப் பிறகு அந்த ஆறே முக்கால் பஸ்ஸை ஒரு நாளும் நான் பிடித்ததில்லை. ஏழரை பஸ்ஸில் வந்து, தாமதத்துக்கு முதலாளியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டுதான் மிஷினைத் தொடுகிறேன். என் துண்டின் தலையில் தினமும் ஒரு கொப்பு நிற்கிறது. அதை நம்பிப் பெண்கள் நடக்கிறார்கள். இதைப் படித்த பிறகு அவர்கள் நம்பாமல் போனால் அந்தப் பழியும் என்னுடையதுதான். அச்சக வாசலில் சிதறிய வேப்பிலையைப் போன வாரம் நான்தான் கூட்டி அள்ளினேன். வாசனை கையிலிருந்து போக இரண்டு நாள் ஆனது.

அன்று மேலூரில் தன் பஸ் வந்ததும் கார்டம்மா பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். இரண்டு விரலால் கம்பியைப் பற்றிப் படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் போகிறவர்கள் வாரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை.

“போறேன் சார். நாளைக்கு நடந்து பாத்துட்டுக் கொப்ப நடுங்க.”